எரார் கிராண்ட் பியானோ: கட்டையை விட்டாலும் ஒலி அடங்கவில்லை

பாரிஸில் உள்ள எரார் நிறுவனத்தின் கிராண்ட் பியானோ, 1890 வாக்கில் செய்தது. நேர்க்கம்பி அமைப்பு, அதாவது கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிடாமல் நேராக ஓடும். பெட்டி பதினைந்தாம் லூயி பாணி: மரப்பதிப்புப் பூவேலை, கால்களில் பொன்முலாம் பூசிய வெண்கலம். வெளியே நன்றாக மெருகேற்றியிருக்கிறார்கள், உள்ளே யாரும் கைவைத்த மாதிரி தெரியவில்லை.

நடு ஆக்டேவ்களில் கட்டையிலிருந்து விரலை எடுத்தபின்னும் ஒலி இரண்டு மூன்று விநாடி இழுக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதிலிருந்து இன்னும் மோசம். இதில் டேம்பர்கள் (கம்பியைத் தொட்டு ஒலியை அடக்கும் பாகங்கள்) கம்பிக்கு அடியில் இருக்கின்றன. எடையால் விழுபவை அல்ல, ஸ்பிரிங்தான் மேலே தள்ளிக் கம்பியில் அழுத்துகிறது. டேம்பரில் ஒட்டிய ஃபெல்ட்டில் (அழுத்திய கம்பளி) கம்பித்தடம் ஆழமாகப் பதிந்து இறுகிப்போயிருக்கிறது.

பெடல் இணைப்பைத் தளர்த்திப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. டேம்பர் ஏறி இறங்கும் வழித்துளைகளில் உரசலும் இல்லை. ஈரப்பதம் இப்போது 45–50 சதவீதம், சுருதி 435 ஹெர்ட்ஸ். ஊசியால் ஃபெல்ட்டை இளக்கியது சில நாள்தான் தாங்கியது. ஸ்பிரிங்கை வளைத்து இறுக்கினால் ஒலி நிற்கிறது, ஆனால் கட்டை கனத்துவிடுகிறது. இரண்டு சுரங்களுக்குத் தடித்த புது ஃபெல்ட் ஒட்டினால், கட்டையை அழுத்தும்போது டேம்பர் கம்பியை விட்டு முழுதாக விலகாமல் உரசுகிறது.

பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, எத்தனை மில்லிமீட்டர் தடிமனில், எவ்வளவு மென்மையான ஃபெல்ட் போட்டால் இது சரியாகும்?