திருப்பூர் 15 வேலம்பாளையம் லைன் வீட்டு வாட்ஸ்அப் குழு: சனியும் ஞாயிறும்

சனிக்கிழமை

இரவு 9:04
முருகேசன் (ஓவர்லாக் தையல்காரர்): நம்ம ஊரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் அடிதடியாம். வடக்கத்தி ஆட்கள் நூறு பேருக்கு மேல் நிற்கிறார்களாம். வீடியோ மேலே போட்டிருக்கிறேன். பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கவனமாக இருங்கள்.

9:06
கடை ராஜி அக்கா: ஐயையோ, எந்தக் கம்பெனி?

9:07
முருகேசன்: தெரியவில்லை அக்கா. மச்சான் அனுப்பினான்.

9:11
செல்வி டீச்சர்: முருகேசன் தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். அதை முதலில் எடுத்துவிடுங்கள், அப்புறம் பேசுவோம். பின்னால் தெரிகிற கடைப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. குறுக்கே போகிற பஸ்ஸும் நம் பக்கத்து பஸ் இல்லை.

9:13
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

9:13
முருகேசன்: எடுத்துவிட்டேன் டீச்சர்.

9:20
செல்வி டீச்சர்: நன்றி தம்பி. 2023 மார்ச் நினைவிருக்கிறதா? அப்போதும் இரண்டு வீடியோதான். ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இரண்டும் பழசு. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று எழுதி அதை வடக்கே பரப்பினார்கள். அப்போதைய தமிழ்நாடு போலீஸ் டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவிலேயே வந்து பொய் என்று சொன்னார். பீகார் அரசு 4 பேர் குழுவை அனுப்பியது. அதற்குள் நம் லைனில் கடைசி மூன்று வீடும் ஒரே ராத்திரியில் காலி. கொடியில் கிடந்த துணியைக்கூட எடுக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

9:24
கடை ராஜி அக்கா: அந்தத் துணியை மடித்து வைத்தது நான்தான் டீச்சர். அதில் ஒரு குழந்தையின் மஞ்சள் சட்டை இருந்தது. யாருக்குப் போன் போட்டுச் சொல்வது என்றே தெரியவில்லை. இரண்டு வருஷம் என்னிடம் பால் வாங்கினார்கள். பற்று நோட்டை எடுத்துப் பார்த்தால் ‘ஹிந்திப் பையன், கடைசி வீடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பேர் கேட்கவே இல்லை.

9:31
செல்வி டீச்சர்: இந்த முறை அப்படி ஆகக் கூடாது அக்கா. நாளை மாலை 5 மணிக்கு மொட்டை மாடிக்கு எல்லாரும் வாங்க, வெளிமாநில வீட்டுக்காரர்களையும் கூப்பிடுவோம். ஒற்றுமையைப் பற்றி யாரும் சொற்பொழிவு செய்யப் போவதில்லை. அவரவர் பேர், ஊர், போன் நம்பர் ஒரு தாளில். ஆளுக்குப் பத்து வார்த்தை மாற்றிக் கற்றுக்கொள்வோம்: தண்ணீர், காய்ச்சல், ஆஸ்பத்திரி, பயப்படாதே, இந்த மாதிரி. அப்புறம் இப்படி வீடியோ வந்தால் நம் பக்கம் யாரிடம் கேட்பது, அவர்கள் பக்கம் யாரிடம் கேட்பது என்று இரண்டு பேரை முடிவு செய்வோம்.

9:38
முருகேசன்: டீச்சர், நான் சொல்வதையும் கேளுங்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காண்ட்ராக்டர் அவர்களைக் காட்டித்தான் எங்கள் பீஸ் ரேட்டைக் குறைக்கிறான். உசிலம்பட்டியிலிருந்து வந்து எனக்கு 14 வருஷம் ஆயிற்று. இன்றும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால்தான் வாடகை கட்ட முடிகிறது. இதைப் பேசாமல் வார்த்தை மட்டும் கற்றுக்கொண்டு என்ன செய்வது?

9:45
செல்வி டீச்சர்: நியாயம். அதையும் மாடியில் பேசுங்கள். ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்கு என்ன கூலியோ அதே கூலிதான் வெளிமாநிலத்தவருக்கும் என்று 1979இலேயே சட்டம் போட்டார்கள். அவர்களுக்கு என்ன ரேட் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன ரேட் என்று அவர்களுக்குத் தெரியாது. காண்ட்ராக்டருக்கு மட்டும்தான் இரண்டும் தெரியும்.

9:58
மாடி வீட்டுப் பெரியப்பா: நானும் வருகிறேன் அம்மா. 1968இல் நான் பம்பாயில் மாட்டுங்கா பக்கம் சித்தப்பா வீட்டில் இருந்தேன். சிவசேனா ஆரம்பித்த புதிது. தெற்கத்திக்காரன் வந்து வேலையைப் பிடுங்குகிறான் என்று அங்கே ஒரே பேச்சு. வேட்டியோடு தெருவில் இறங்காதே என்பார் சித்தப்பா. எங்களுக்கு அங்கே ஒரே பெயர்தான், மதராசி. திருநெல்வேலிக்காரனும் மதராசி, மங்களூர்க்காரனும் மதராசி. ஒரு ராத்திரி கும்பல் வருகிறது என்று புரளி. பக்கத்து வீட்டு மராட்டிப் பாட்டி எங்கள் கதவுக்கு முன்னால் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். விடிந்த பிறகுதான் எழுந்து போனாள். அந்தக் கட்டடத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை

இரவு 8:40
கடை ராஜி அக்கா: வராதவர்களுக்காக எழுதுகிறேன். 23 பேர் வந்தோம். முதலில் அவர்கள் தொட்டி ஓரம், நாம் படி ஓரம் என்று தனித்தனியாகத்தான் நின்றோம். 6ஆம் வீட்டு மினதிதான் ஆரம்பித்தாள். நான் ஹிந்திக்காரி இல்லை, ஒடிசாவில் கலாஹண்டி, வீட்டில் பேசுவது ஒடியா என்றாள். ஹிந்தியே இங்கே வந்துதான் பழகினாளாம்! அவர்கள் ஊரில் ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிடுவதற்கு பகாளா என்று பேர். வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்வார்களாம். நம் பழைய சோறுதான்! அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தவே முடியவில்லை.

8:52
முருகேசன்: இப்போது கடைசி வீட்டில் இருக்கிற சஞ்சய் பீகாரில் தர்பங்கா. என்னைப் போலவே ஓவர்லாக். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவனுக்குப் பீஸுக்கு என்னைவிடக் குறைவு. அதிலும் ரூமுக்கு என்று பிடிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போய் ரேட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம்.

8:55
செல்வி டீச்சர்: நானும் வரட்டுமா?

8:55
முருகேசன்: வாங்க டீச்சர். வீடியோ விஷயத்தில் அந்தப் பக்கம் சஞ்சயைக் கேட்பது என்று முடிவு. இந்தப் பக்கம் என் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

9:10
கடை ராஜி அக்கா: சஞ்சய் மனைவி சுனிதா ஒன்று கேட்டாள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்குச் சட் பூஜை. சாயங்காலமும் மறுநாள் விடியற்காலையும் தண்ணீரில் நின்று சூரியனுக்குப் படைப்பார்கள். கரும்பு, வாழைப்பழம், கோதுமை மாவில் வெல்லம் சேர்த்துப் பொரித்த தேக்குவா, எல்லாம் முறத்தில் வைத்து. போன வருஷம் யாரும் ஏதாவது சொல்வார்களோ என்று பயந்து ரூமுக்குள்ளேயே கும்பிட்டாளாம். இந்த வருஷம் மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொள்ள வீட்டுக்காரம்மா சரி என்றுவிட்டார்கள். முறம்தான் கிடைக்கவில்லை. கடையில் எல்லாம் பிளாஸ்டிக். மூங்கில் முறம்தான் வேண்டுமாம்.

9:22
முருகேசன்: இப்போதுதான் அம்மாவிடம் பேசினேன். ஊரில் மூங்கில் முறம் இரண்டு இருக்கிறதாம். தீபாவளிக்குப் போய்விட்டு வரும்போது எடுத்து வருகிறேன். பழசு ஆகுமா, கேட்டுச் சொல்லுங்கள் அக்கா.

9:29
கடை ராஜி அக்கா: கேட்டேன். படைப்பதற்குப் புதுசுதான் வேண்டுமாம். அம்மாவிடம் சொல்லி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். சாணி மெழுகாமல் அப்படியே.