12 கி.மீ. தான் துளைத்திருக்கிறோம்; புவியின் வெளிக்கருவம் திரவம் என்று எப்படித் தெரியும்?

கேள்வி: ரஷ்யாவின் கோலா துளை 12,262 மீட்டரோடு நின்றது. புவியின் ஆரமோ 6,371 கி.மீ. 2,890 கி.மீ.க்குக் கீழே தொடங்கும் வெளிக்கருவம் (புவியின் மையக் கருவத்தின் வெளி அடுக்கு) திரவம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பதில் 1: நிலநடுக்க அலைகளை வைத்துத்தான். பி அலை அழுத்தி விரித்துப் போவது. திடம், திரவம் இரண்டிலும் செல்லும். எஸ் அலை பக்கவாட்டில் அசைத்துப் போவது, திரவத்தில் செல்லாது. நடுக்க மையத்திலிருந்து சுமார் 104 பாகை (புவியின் நடுவிலிருந்து அளக்கும் கோணத் தொலைவு) தாண்டினால் நேரடி எஸ் அலை வருவதில்லை. பி அலையின் வேகமும் 2,890 கி.மீ. ஆழ எல்லையில் நொடிக்கு 13.7 கி.மீ.யிலிருந்து 8 கி.மீ.க்கு விழுகிறது.

பதில் 2: பதிவைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. 104 பாகைக்கு அப்பாலும் எஸ் போல ஒன்று தெரியும். அது எஸ்.கே.எஸ். அலை. கருவத்தைப் பி-யாகக் கடந்து, வெளியே வந்ததும் மறுபடி எஸ் ஆனது. இதை நேரடி எஸ் என்று குறித்தால் தொலைவுக் கணக்கே தப்பாகும். இன்னொன்று, தயவுசெய்து கவசத்தை (மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள அடுக்கை) உருகிய குழம்பாக வரையாதீர்கள்! எஸ் அலை அதில் முழுக்கச் செல்கிறது. அது மெல்ல ஊரும் திடப்பாறை.

கேட்டவர்: அப்படியானால் உட்கருவம்?

பதில் 1: பி அலைக்கும் 104 முதல் 140 பாகை வரை நிழல் மண்டலம், அதாவது நேரடி அலை வந்து சேராத பகுதி, உண்டு. 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தில் அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய பி அலைகள் பதிவாகின. உள்ளே வேறொரு கோளம் இருந்தால்தான் அது நடக்கும் என்று 1936இல் காட்டியவர் டென்மார்க்கின் இங்கே லேமன். எல்லை சுமார் 5,150 கி.மீ. ஆழம். அங்குள்ள அழுத்தத்தில் இரும்பின் உருகுநிலை உயர்ந்துவிடுவதால் அது திடமாக இருக்கிறது.