ஆத்துல வெள்ளம் வந்தா சைக்கிள் குழு என்ன செய்யலாம்?

குமாரபாளையம் பையன்:
வணக்கமுங்க. மேட்டூர் அணை நெறஞ்சு 120 அடியைத் தொட்டாலே எங்க ஆத்தோரத் தெரு மூட்டை கட்ட ஆரம்பிச்சிரும். இந்த வருசம் பசங்க சேர்ந்து சைக்கிள் குழு அமைக்கிறோம். எல்லார்கிட்டயும் பிளஸ் ஒன்ல அரசாங்கம் குடுத்த சைக்கிள்தான். அதை வெச்சு என்ன செய்யலாம்? அமெரிக்காவுல போர்ட்லாந்துங்கற ஊருல சரக்குச் சைக்கிளை வெச்சு 2012ல இருந்து நிவாரண ஒத்திகைப் போட்டியே நடத்தறாங்களாமா.

பவானி சைக்கிள்கடை:
நெம்ப நல்ல காரியம் தம்பி. ஆனா ஓடற தண்ணியில மட்டும் சைக்கிளை எறக்கவே கூடாது. முழங்காலளவு தண்ணியே ஆளைச் சாச்சுப்போடும். அது பரிசல்காரங்களும் தீயணைப்புக்காரங்களும் பாக்கற வேலை. உங்க வேலை தண்ணி வர்றதுக்கு முந்தியும் வடிஞ்சதுக்கு அப்பறமும்.

2018 ஆகஸ்ட்டுல மேட்டூர்த் தண்ணியும் பவானிசாகர்த் தண்ணியும் ஒண்ணா வந்து எங்க ஊருக்குள்ள பூந்துச்சு. வடிஞ்சப்ப சந்தெல்லாம் சேறு, ஆட்டோ நொழையல. பால் கேன் கட்டற பழைய சைக்கிள்ல ரெண்டு பக்கமும் 20 லிட்டர் கேனைக் கட்டித் தள்ளிக்கிட்டுப் போனோம். ஏறி ஓட்டோணும்னே இல்லீங்க, 40 கிலோவைத் தலையில சொமந்து அந்தச் சேத்துல எத்தனை நடை நடக்க முடியும்? உங்க சைக்கிள்ல கேரியர் கம்பி மெலிசா இருக்கும். ரெண்டு பக்கமும் முட்டுக்கம்பி வெச்சுக்கோங்க.

டைனமோவுல நேரா போன் சார்ஜ் போட்டுராதீங்க. அது 6 வோல்ட் ஏசி. பவர் பேங்க் கொண்டுபோங்க.

சேத்துல முங்குன வண்டியை அன்னிக்கே கழட்டி, ஹப்பு, பெடல் குண்டெல்லாம் மண்ணெண்ணெயில கழுவி கிரீஸ் வெச்சிரோணும். விட்டா துருப்பிடிச்சுப் போயிரும்.

தறிக்காரர் மக:
ஜமக்காளத் தறி குழித்தறிங்க தம்பி. தண்ணி மொதல்ல குழியிலதான் ஊறும். அணை தொறக்கற சேதி வந்த உடனே தறி வீடுகளுக்கு வந்து சொல்லுங்க, பாவு நூலையும் மத்த நூலையும் பரண்ல ஏத்திருவோம். வடிஞ்சப்பறம் குழி சேறு மூடித் தரையாட்டவே தெரியும், குச்சியில குத்திப் பாத்துட்டு உள்ள வாங்க. மாசமா இருக்கறவங்க, இன்சுலின் போடறவங்க எந்த வீடுன்னு இப்பவே எழுதி வெச்சுக்கோங்க. மாவட்ட உதவி எண் 1077.

குமாரபாளையம் பையன்:
குழி விசயம் எங்களுக்குத் தோணவே இல்லீங்க அக்கா. ஞாயித்துக்கிழமை தெருத்தெருவாப் போயி எழுதறோம். அண்ணா, முட்டுக்கம்பி வெல்டு வெக்க வண்டிகளைக் கொண்டாரட்டுங்களா?

பவானி சைக்கிள்கடை:
ஆடி பொறக்கறதுக்குள்ள கொண்டாங்க. கூலி வேண்டாம், கம்பிக்கு மட்டும் குடுங்க.