2^61 − 1 பகா எண்தானே? 2-ஆல் வகுபடும் என்கிறது என் நிரல். அவசரம்!

சும்மா_ஒருவன்: நாளைக் காலை காட்டியாக வேண்டும். 2^31 − 1 கொடுத்தால் பகா எண் என்று சரியாகச் சொல்கிறது. 2^61 − 1 கொடுத்தால் கண் இமைக்கும் முன் “பகு எண், 2-ஆல் வகுபடும்” என்று வருகிறது. எங்கே தப்பு?

மொட்டைமாடி: எந்த மொழி? நிரல் எங்கே?

வயர்மேன்: லேப்டாப் சூடாகிறதா? ரேம் பழுதான சமயத்தில் எனக்கும் கணக்கெல்லாம் தப்பாக வந்தது. ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

பழைய_ஆணி: இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் ஒற்றைப்படை. ஆறாம் வகுப்புக் கணக்கு. முதலில் அந்த எண்ணை அச்சிட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா? மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, தம்பி.

சும்மா_ஒருவன்: ஜாவாஸ்கிரிப்ட். அச்சிட்டால் 2305843009213694000. கடைசியில் மூன்று சைபர்??

மொட்டைமாடி: அதுதான் விஷயம். சரியான மதிப்பு 2305843009213693951. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணுக்கு 53 பிட் துல்லியம்தான். 9007199254740991-ஐத் தாண்டினால் முழு எண்கள் எல்லாவற்றையும் அதால் பிடித்து வைக்க முடியாது. நீங்கள் கழித்த 1 எங்கோ உதிர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பது வெறும் 2^61. எவ்வளவு பெரிய முழு எண்ணையும் அப்படியே வைத்துக்கொள்ளும் பிக்இன்ட் வகையைப் பயன்படுத்துங்கள்: 2, 61, 1 மூன்றுக்கும் பின்னால் ஆங்கிலச் சின்ன ‘n’ ஒட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் பிழை காட்டும்.

எறும்பு: அதோடு முடியாது. ஒவ்வொன்றாக வகுத்தால் சுமார் 151 கோடி வரை போக வேண்டும், விடிந்துவிடும். இந்த மாதிரி 2^p − 1 எண்களுக்கென்றே இருக்கும் லூக்காஸ்-லேமர் சோதனை போடுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 2^61 − 1-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 59 முறை. கடைசியில் 0 வந்தால் பகா எண்.

தயிர்சாதம்: 61 பகா எண், அப்புறம் சோதனை எதற்கு? 2^61 − 1-உம் தானாகவே பகா எண்தானே?

பழைய_ஆணி: 11 கூடப் பகா எண்தான். 2^11 − 1 = 2047 = 23 × 89. யோசித்துவிட்டு எழுதவும்.

எறும்பு: அவரை விடுங்கள், இந்த வகை எண்களுக்கே பெயர் கொடுத்த கணித அறிஞர் மெர்சென் சறுக்கிய இடம் இது. எந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று 1644-இல் அவர் கொடுத்த பட்டியலில் 67 இருந்தது, 61 இல்லை. 2^61 − 1 பகா எண்தான் என்று 1883-இல் பெர்வுஷின் என்பவர் காட்டினார். 2^67 − 1-ஐ 1903-இல் கோல் என்பவர் உடைத்தார்: 193707721 × 761838257287.

யாழ்_நிலா: எங்கள் ஊர்ப் புத்தகத்தில் பகா எண்ணுக்குப் பெயர் முதன்மை எண். ‘பகா’ என்றதும் ஏதோ பகைமை என்று நினைத்தேன்.

தயிர்சாதம்: பகுக்க முடியாது, அதனால் பகா. முதன்மை என்றால் யாருக்கு முதன்மை?

யாழ்_நிலா: 6-ஐ 2, 3 கொண்டுதானே கட்டுகிறோம்? மற்றதெல்லாம் அதிலிருந்துதானே வருகிறது?

பழைய_ஆணி: இதற்குத் தனி இழை தொடங்கவும்.

சும்மா_ஒருவன்: பிக்இன்ட் போட்டேன், 59-ஆவது சுற்றில் 0 வந்தது. நன்றி, தூங்கப் போகிறேன்.

வயர்மேன்: எதற்கும் ரேமையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.