தங்கச்சி பையனை ஹோமில் வைத்திருக்கிறார்கள், திரும்பக் கூட்டிவர என்ன வழி?

மெட்டுக்காரன்:
எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம். தங்கச்சி இரண்டு வருடமாக மலைக்கு மேலே கேரளாவில் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள், தங்கல் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), புருஷன் விட்டுவிட்டுப் போய் நாலு வருடம். அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் ஒன்பது வயதுப் பையன் அம்மாச்சியைப் பார்க்கிறேன் என்று தனியாகப் பஸ் ஏறியிருக்கிறான், அது எதிர்ப்பக்கம் போகிற பஸ். கண்டக்டர் போலீஸில் விட, அவர்கள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த, இப்போது ஹோமில் இருக்கிறான். இன்றோடு பதினொரு நாள். தங்கச்சி இரண்டு தடவை போய் வந்தாள், விசாரணை முடியட்டும் என்கிறார்கள். கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தை கேட்டில் இருந்தவரிடமே கொடுத்துவிட்டு வந்தாளாம். கையில் கொடுத்த காகிதம் முழுக்க மலையாளம். இன்னொன்றில் கையெழுத்துக் கேட்டார்களாம், போடவில்லை. தத்துக் கொடுத்துவிடுவார்களோ என்று சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள்.

கொழிஞ்சாம்பாறை செல்வி:
அண்ணே, கையெழுத்துப் போடாதது நல்லது. பெரும்பாலும் அது வெறும் வாக்குமூலமாக இருக்கும், ஆனால் பிள்ளையை வளர்க்க முடியவில்லை, ஒப்படைக்கிறேன் என்று ஒரு பத்திரமும் உண்டு, அதில்தான் கவனம் வேண்டும். அதையே தெரியாமல் போட்டிருந்தாலும் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் சட்டத்தில் இருக்கிறது. தேடி வந்து நிற்கிற தாயின் பிள்ளையை அவ்வளவு லேசில் தத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

ஊர்சுற்றி:
எம்.எல்.ஏ. லெட்டரோடு போங்க, ஒரே நாளில் முடியும்.

வக்கீல் குமாஸ்தா:
லெட்டர் எல்லாம் வேண்டாம், அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அதிகாரம், சிபாரிசோடு போய் நின்றால் முகம் சுளிப்பார்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி சமூக விசாரணையை, அதாவது பிள்ளையின் குடும்ப நிலவரம் விசாரிப்பதை, 15 நாளில் முடிக்க வேண்டும், இறுதி உத்தரவுக்கு முதல் நாளிலிருந்து நாலு மாதம். அதனால் பதினொரு நாள் என்பது இன்னும் கைமீறிப் போன விஷயம் இல்லை. ஹோம் என்பது கடைசி வழி, குடும்பத்துக்குத் திருப்பி அனுப்புவதுதான் நோக்கம் என்று சட்டமே சொல்கிறது.

முதலில் உத்தரவின் நகல், அப்புறம் பையனைப் பார்க்க அனுமதி, இரண்டையும் எழுத்தில் கேளுங்க. தமிழிலேயே எழுதலாம். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் மாதிரி தாலுகாக்கள் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகள், அங்குள்ள ஆபீஸ்களுக்குத் தமிழில் எழுத 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் வழி இருக்கிறது. வக்கீலுக்கு அலைய வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அடியுங்க.

உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் அப்பீல். குழு நடத்துகிற விதத்தில் குறை என்றால் கலெக்டரிடம் மனு. ஊர் கம்பம் என்பதால் கேஸைத் தேனிக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம், ஆனால் என்னைக் கேட்டால் வேண்டாம், ஃபைல் மலை இறங்கவே வாரக்கணக்காகும். லயத்துக்கே வந்து பார்க்கட்டும். வேலைக்குப் போகிற நேரம் பையனை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, அதற்குப் பதிலோடு போங்க.

கொழிஞ்சாம்பாறை செல்வி:
புருஷன் விட்டுப்போன கேஸ் என்றால் மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவித்தொகையும் கேளுங்க அண்ணே. கிராமத்தில் வருட வருமானம் 72,000 தாண்டக்கூடாது.

மெட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அம்மா மேலே போய்த் தங்கச்சியோடு இருக்க ஒத்துக்கொண்டாள், அவள்தான் பையனைப் பார்த்துக்கொள்வாள். வியாழக்கிழமை முதல் ஜீப்பில் போகிறோம். ஒரு சிக்கல், பையன் ஆதாரில் இனிஷியல் மாறியிருக்கிறது.

வக்கீல் குமாஸ்தா:
பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்று, தாயும் பிள்ளையும் சேர்ந்த பழைய போட்டோ, எல்லாவற்றையும் ஒரு கவரில் போடுங்க. ஜெராக்ஸ் இரண்டு செட், மேலே போனால் கரண்ட் இருக்காது, கம்பத்திலேயே எடுத்துவிடுங்க.