பேஸ் வெயிட்டுக்குக் 'குறையாச் சுமை'

அக்கா, வணக்கம். நெடுநடைக்கான முதுகுப்பை பற்றி நீங்கள் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் இப்படிப் போட்டிருக்கிறீர்கள்:

> பேஸ் வெயிட் = அடிப்படை எடை

இது எனக்குச் சரிப்படவில்லை. எதற்கு அடிப்படை என்று கேட்கத் தோன்றுகிறதே தவிர, பொருள் பிடிபடவில்லை. நெடுந்தூரம் நடப்பவர்கள் சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் மூன்றையும் கழித்துவிட்டு, பையின் நிறையையும் சேர்த்து முதுகில் எஞ்சுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த மூன்றும் நடக்க நடக்கத் தீர்ந்துபோகும், இது மட்டும் கடைசி நாள்வரை அப்படியே கிடக்கும். அதனால் 'குறையாச் சுமை' என்று வைப்போம். 'மாறாச் சுமை'யும் யோசித்தேன், ஆனால் 'குறையா' என்றதும் மற்றவை குறையும் என்பது தானாக விளங்கிவிடுகிறது.

நம்முடைய திருகோணமலையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு இந்தச் சொல் உடனே பயன்படும். மூதூர், வெருகல், மட்டக்களப்பு என்று பொத்துவில் வரைக்கும் வழியில் கோயிலும் கடையும் இருப்பதால் சாப்பாட்டை அதிகம் சுமக்கத் தேவையில்லை. உகந்தைமலை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண, யால காட்டுக்குள் இறங்கும்போதுதான் அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் முதுகில் ஏறும். குறையாச் சுமை 4 கிலோ, தண்ணீர் 3 லீற்றர், உலர் உணவு 3 கிலோ என்று வையுங்கள், 10 கிலோ ஆகிவிட்டது. சட்டகம் இல்லாத மெல்லிய பைகள் பெரும்பாலும் 9 கிலோவைத் தாண்டினால் தோளை இழுக்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் குறையாச் சுமை 10 இறாத்தலுக்குள், அதாவது ஏறக்குறைய 4.5 கிலோவுக்குள் அடங்கினால் மிக இலகு என்கிறார்கள், சரி, ஆனால் பையைத் தெரிவு செய்ய அந்த ஒரு எண் போதாது. காட்டு வாசலில் தூக்குகிற நிறைக்கும் ஒரு பெயர் வேண்டும், 'முழுச் சுமை' என்று அதையும் பட்டியலில் சேருங்கள். பை தாங்க வேண்டியது அதைத்தான்.

ஹிப் பெல்ட்டுக்கு 'இடுப்பு வார்' வேண்டாம். வாகனத்தில் ஆசனப் பட்டி என்றுதானே சொல்கிறோம், இதுவும் இடுப்புப் பட்டியாகவே இருக்கட்டும். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், முதலில் அதை இறுக்கிவிட்டுத்தான் தோள்பட்டிகளை இழுக்க வேண்டும் என்பதை விளக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

டோர்சோ லெங்த்துக்கு 'முதுகு நீளம்' போதும், 'உடல் நீளம்' என்று போட்டால் ஆளின் உயரத்தைப் பார்த்துப் பை வாங்கிவிடுவார்கள். குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும். அங்கே தையல் நாடாவின் நுனியை வைத்து, நிமிர்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் ஊன்றினால் பெருவிரல்கள் முதுகுப் பக்கம் ஒரே கோட்டில் நிற்கும். அந்தக் கோடு வரைக்கும் அளக்க வேண்டும், இன்னொருவர் பிடித்தால் சுலபம்.

லோட் லிஃப்டருக்குத்தான் இன்னும் ஒன்றும் சரியாக அமையவில்லை. தோள்பட்டியின் உச்சியிலிருந்து பையின் மேல்விளிம்புக்குப் போகும் அந்தச் சின்னப் பட்டியின் முக்கிய வேலை, பை பின்னால் சாயாமல் முதுகோடு இழுத்துப் பிடிப்பது. 'இழுபட்டி' பொருந்துமா? பை தைக்கிறவர்கள் இதற்கு ஏற்கெனவே ஏதாவது சொல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.