மறு: தரவு மையமே போதுமா, தரவுக்கூடமா?

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மெயில் பாக்கல, தொறந்தா பதிலா குவிஞ்சு கெடக்கு, தேவிபட்டினம் டீக்கடையில உக்காந்து அம்புட்டையும் படிச்சேன். எஸ்.கே.ஏ.ன்னு பல நாடு சேந்து கட்டுற ரேடியோ தொலைநோக்கியோட டேட்டாவை வாங்கி வச்சு அலசப்போற எடத்துக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்ங்குறதுதான பேச்சு, ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

> தரவு மையம்னு ஏற்கெனவே புழங்குது, எதுக்கு மாத்தணும்?

வாத்தியாரய்யா, சாதா சர்வர் கட்டடத்துக்கு அது போதும், மறுக்கல. ஆனா நாம பேசுறது எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கிக்காக பல நாட்டுலயும் வரப்போற எடத்தைப் பத்தி. தென்னாப்பிரிக்காவுல 197 டிஷ், மேற்கு ஆஸ்திரேலியாவுல 1,31,072 ஆண்டெனா, அதுல வந்து விழுற டேட்டாவை கேப் டவுன்லயும் பெர்த்லயும் வச்சே அலசி கழிசலைத் தள்ளிட்டு மிச்சத்தைத்தான் நாடுகளுக்கு அனுப்புவாக, அந்த மிச்சமே வருசத்துக்கு சுமார் 700 பெட்டாபைட், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கா அடுக்குனா 7 லட்சம் டிஸ்க். இதை யாரும் லேப்டாப்புல எறக்க முடியாது, புரோகிராமை அங்க அனுப்பி அங்கயேதான் ஓட்டணும். அப்பறம் முக்கியமா, இந்த எடமெல்லாம் சேந்து ஒரே வலை, இதுதான் நடுன்னு ஒண்ணு கெடையாது. நடுவே இல்லாததைப் போயி மையம்னா எப்புடிங்கய்யா?

> தரவுக் கண்மாய்

இதைச் சொன்ன தொண்டித் தம்பிக்கு என் செலவுல ஒரு பன்னீர் சோடா. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத 48 மடை'ன்னு கேட்டு வளந்தவுக நாம, ஒரு கண்மாய் நெறஞ்சா கலிங்கு வழியா அடுத்த கண்மாய்க்குப் போகும், ஒரு நாட்டுலருந்து இன்னொரு நாட்டுக்கு டேட்டா போறதுக்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரிஞ்சு இல்ல. ராத்திரி பூரா யோசிச்சேன், மனசே இல்லாமத்தான் வேணாம்ங்குறேன். டேட்டா லேக்குக்கு, அதாவது டேட்டாவை வந்தபடியே கொட்டி வைக்கிற எடத்துக்கு, தரவு ஏரின்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க, சென்னைக்காரவுகளுக்கு ஏரியும் கண்மாயும் ஒண்ணுதான், கொழம்பிரும். அதைவிட, கண்மாய்ல தண்ணி நிக்கும், வேலை நடக்குறது வயல்ல. இங்க வேலையே உள்ளதான நடக்குது.

அதான் கூடம்ங்குறேன். பள்ளிக்கூடம், ஆய்வுக்கூடம், எல்லாமே உள்ள வேலை நடக்குற எடம். நம்ம கரையில ஏலக்கூடத்தையே பாருங்க, மீன் வந்து எறங்கும், ரகம் பிரிப்பாக, எடை போடுவாக, வெலை பேசுவாக, அம்புட்டும் அந்தக் கூரைக்குள்ளயே. தரவுக்கூடம். நடுவுல 'க்' வரணும், ஏலக்கூடம் மாதிரி, அதை விட்டுட்டு எழுதாதீக.

> தரவுக் கிடங்கு?

இது டேட்டா வேர்ஹவுசுக்குப் பேராப் போயிருச்சு, விடுங்க.

> தரவுக்கூடத்துக்கு முன்னாடி 'வட்டார'ன்னு போடுறதா, 'நாட்டு'ன்னு போடுறதா?

கீழக்கரை அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. எஸ்.கே.ஏ. காரவுக ரீஜனல்னுதான் சொல்றாக, ஆனா இந்தியா மொத்தத்தையும் வட்டாரம்னு எழுதுனா எனக்குத் திருவாடானை வட்டம்தான் ஞாபகத்துக்கு வருது. 'நாட்டுத் தரவுக்கூடம்'னு போட்டா நம்மூர்ல நாட்டுப்படகு, விசைப்படகுன்னு பிரிப்பாகளே, அப்புடி இதுக்கும் ஒரு விசைத் தரவுக்கூடம் எங்கன்னு கேப்பாக. தேசியத் தரவுக்கூடம்னே வச்சுக்கலாம். நெட்வொர்க்குக்கு தரவுக்கூட வலை, அதுல ஒவ்வொரு நோடையும் கணுன்னு சொல்றதுக்குப் பதிலா முடிச்சுன்னா நம்ம வலைக்காரவுகளுக்கும் புரியும், ஆனா இதுல நான் பிடிவாதம் பிடிக்கல.

ஊட்டியில 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி 1970லருந்து நிக்குது, நம்ம மாநிலத்துலயே அம்புட்டு வருசமா இருந்தும் இந்தத் துறைக்குச் சொல் தேடி இப்பத்தான் அலையுறோம், சங்கடமாத்தான் இருக்கு. இந்தியாவும் எஸ்.கே.ஏ.வுல இருக்கு, 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதலும் குடுத்தாச்சு, புனேயில உள்ள என்.சி.ஆர்.ஏ.ங்குற ரேடியோ வானியல் ஆய்வு நிறுவனம்தான் முன்ன நிக்குது, இனி தமிழ்ல எழுதுறவுகளுக்கு இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும்.

தரவுக்கூடத்துக்கு மறுப்பு இருந்தா காரணத்தோட எழுதுங்க. தொண்டித் தம்பி மட்டும் கோவிச்சுக்காதப்பா, கண்மாயை வேற எதுக்காச்சும் எடுத்து வச்சுருப்போம்.